ஒன்றாம் தேதி வரைக்கும்

எனக்குப் படிவம் நிரப்பப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. மற்றவர்கள் சலித்துக்கொள்கிற வேலை. எனக்கு அதில் மனம் அமைதியாகிவிடும்.

எங்கள் குழுமத்துக்கு ஜொகூரில் மூன்று மருத்துவமனைகள். பதினாறு வருடங்களாக அவற்றின் இன்சூரன்ஸ் காப்புறுதியைக் கவனித்துக்கொண்டவன் நான். கட்டடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், கருவிகள் இன்னொன்றுக்கு, தாதிகளுக்குச் சம்பளம் கொடுப்பது மூன்றாவது. வழக்கு வந்தால் ஒரு கம்பெனி மட்டும் மூழ்கும், மற்றவை நனையாது. இந்த ஏற்பாட்டைச் செய்தது நான்தான். சட்டப்படி இதில் தவறே இல்லை, விசாரித்துப் பாருங்கள்.

கருவிக் கம்பெனியின் காப்புறுதி ஜூன் முப்பதோடு முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: விபத்து நேரக்கூடிய பழுது ஏதேனும் உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் கட்டணத்தை ஏற்றிவிடுவார்கள்.

பத்தொன்பதாம் தேதி கெலாங் பாத்தா கிளையின் தாதி செல்வராணி என்னிடம் வந்தார்.

"சார், ரெண்டாம் நம்பர் தியேட்டர்ல மயக்க மருந்து மிஷின் அலாரம் அடிக்கவே மாட்டேங்குது. ஆக்ஸிஜன் கொறைஞ்சாலும் சத்தமே இல்ல. டெக்னீஷியன கூப்பிடலாமா?"

டெக்னீஷியன் வந்தால் ரசீது எழுதுவான். ரசீதில் தேதி இருக்கும்.

"ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கோங்க, சிஸ்டர்."

"அதுவரைக்கும் தியேட்டர மூடிரலாம் சார். பயமா இருக்கு லா."

மூடினால் காரணம் எழுத வேண்டும். "டாக்டர் பாத்துக்கிட்டுத்தானே இருப்பாரு," என்றேன். "எழுத்துல ஒண்ணும் வேணாம்."

அன்றைக்கே 'இல்லை' என்று நிரப்பி அனுப்பினேன்.

இருபத்தேழாம் தேதி செடெனாக்கிலிருந்து கஸ்தூரி வந்தார். முப்பத்தொரு வயது, தொழிற்சாலை வேலை, பித்தப்பைக் கல் அறுவை, இரண்டாம் நம்பர் தியேட்டர். ஆக்ஸிஜன் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒன்பது நாள் மூச்சு மட்டும் ஓடியது, பிறகு அதுவும் நின்றது.

அவர் கணவர் வசந்தன் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார். "யார் மேல சார் கேஸ் போடறது?" எனக்கே பாவமாக இருந்தது. கருவிக் கம்பெனியின் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அதன் மூலதனம் இரண்டே ரிங்கிட். பழுதை மறைத்தது தெரிந்தால் காப்புறுதியும் கைவிரித்துவிடும். அதையெல்லாம் அவர் கேட்கவில்லை.

ஆபத்து என்று தெரியுமா என மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியாது, ஐயா. சத்தியமாகத் தெரியாது. என் மனைவி ஷர்மினிக்கும் அந்த வாரம் அதே தியேட்டரில்தான் அறுவை சிகிச்சை குறித்திருந்தார்கள். இருபதாம் தேதி காலையில் நானே போன் போட்டு ஜொகூர் பாரு கிளைக்கு மாற்றினேன். அங்கே கார் நிறுத்த இடம் தாராளம்.