மெத்தை எரிந்த மதியம்

சத்தம் போட்டுப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி எடுப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. "தீப்பிடிச்சிருச்சு, சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். எங்கே என்று போவது? வெறுத்துப்போனேன். அதனால்தான் எங்கள் அடுக்குமாடியில் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். முதலில் விலாசம், பிறகு என்ன எரிகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள். போன் எடுத்தவர் சொல்லும்வரை போனை வைக்காதே. எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். என் மனைவியின் தம்பி மட்டும் கடைசி வரிசையில் குறட்டை விட்டான். மூன்று வேளையும் என் வீட்டில் சாப்பிடுகிறவன்.

பாடம் நடத்தினால் பரீட்சை வைக்க வேண்டாமா? கீழ்த்தளத்துச் சாமான் அறையின் கதவோரம் கிடந்த பழைய மெத்தையைக் கொளுத்தினேன்.

மாடி வீட்டு வக்கீல் வீடியோ எடுத்தார். பல் டாக்டரின் மனைவி டிவியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "யாராவது கூப்பிட்டிருப்பாங்க" என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்னிடம் வந்து, "நீங்க அங்கயே வேலை பாத்தவரு, நீங்களே கூப்பிடுங்களேன்" என்றார். பரீட்சை நடக்கும்போது வாத்தியார் விடை சொல்லலாமா?

உள்ளே மச்சினன் படுத்திருந்தது எனக்குத் தெரியும். சாப்பிட்டதும் அவன் சாய்வது அங்கேதான். வெளித் தாழ்ப்பாளைப் போட்டதும் நான்தான். காலி அறை எரிந்தால் யார் பதறப்போகிறார்கள்?

ஜன்னல் பக்கம் போய்க் காதைக் கொடுத்தேன். அவன் கத்தவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தான். கட்டடத்தின் பெயர், தெரு, திருப்பத்தில் மருந்துக்கடை, எதையும் விடவில்லை. "மெத்தை எரியுதுங்க. உள்ள நான் ஒருத்தன்தான். இல்லைங்க, நீங்க சொல்றவரைக்கும் வைக்க மாட்டேன்." எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. குறட்டைக்கு நடுவிலும் பாடம் காதில் ஏறியிருக்கிறது.

வண்டி நேராக வாசலுக்கே வந்தது. புருவம் மட்டும் கருகிப் பிழைத்துக்கொண்டான். என் மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை.

ஒரே ஒரு குறை. வைப்பதற்கு முன்னால், "கொளுத்தினது எங்க அக்கா புருஷன்தாங்க. ஜன்னலோரம் நின்னு மார்க் போட்டுட்டிருக்காரு. போலீசையும் அனுப்பிடுங்க" என்று சேர்த்துச் சொன்னான். கேட்காத கேள்விக்குப் பதில் அது. அரை மதிப்பெண் குறைத்துவிட்டேன். சொந்த மச்சினன் என்பதற்காக நான் ஈவிரக்கம் காட்டுவதில்லை.