குடத்தில் மூன்று பேர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாமல் மூன்று லாரிக்கு முதலாளியானவன் நான். அடுத்தவரைப் பேசவிட்டுக் கேட்டதில்லை. அன்று உத்திரமேரூர் பஸ்ஸில் கேட்டேன்.

தண்ணீர்க் குடத்தோடு ஏறிய மீன்காரம்மா, "நாலு டிக்கெட் குடு நைனா," என்றாள்.

"மத்த மூணு பேரு எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"குடத்துல கீறாங்க. மூணு விரால். மழையில்லாம ஏரி வத்திப்பூடுச்சி. தங்கச்சி வூட்டுக் கெணத்துல வுடப்போறேன். மழை வந்தா ஏரிக்கே கொண்டாந்துடுவேன்."

"ரெண்டு வருசமா வராத மழை இப்ப வருமா? கொழம்பு வெச்சித் துன்னும்மா."

"வெதைக்கு வெச்சதைத் துன்னுட்டா, ஏரி ரொம்புறப்ப இன்னாத்தைப் புடிக்கிறது? தவளையா?"

"இந்த வருசமும் மழை வரலன்னா?"

"கெணத்துலயே குஞ்சு பொரிக்கும். அப்ப ரெண்டு குடம் தூக்கினு இதே பஸ்ல வருவேன். நீ கட்டுக்கட்டா டிக்கெட் எடுத்தாந்து வெய்யி."