எலுமிச்சைக்குக் கொடுத்த வாட்டம்

எலுமிச்சை விதையைக் காயவிடக் கூடாது. பலரும் செய்கிற முதல் தவறு அதுதான். பழத்திலிருந்து எடுத்த கையோடு வழவழப்பைக் கழுவி, ஈரத் துணியில் சுற்றிவைக்க வேண்டும்.

நீங்கள் அப்பாவைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஐயா. அதற்குத்தான் வருகிறேன்.

ஆவடி ஸ்டேஷன் பக்கத்து ஜூஸ் கடையில் என் நாக்கில் தட்டுப்பட்ட விதை அது. மொட்டைமாடியில், பாதியாக அறுத்த நீல டிரம்மில் வளர்த்தேன். ஏழு வருடத்தில் என் உயரத்துக்கு வந்துவிட்டது. விரல் நீளத்துக்கு முள். பூ மட்டும் இல்லை.

அப்பா முப்பத்தாறு வருடம் பேக்டரியில் வெல்டராக இருந்தவர். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். மாடிக்கு வரும்போதெல்லாம் சொல்வார்: "இன்னா நைனா, இன்னும் முள்ளுதான் காச்சிகினு கீதா? வளத்தவன மாதிரியே வளந்துகீது." கீழ்வீட்டு உத்தமன் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பேச்சு திரும்ப மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும் என்றார் டாக்டர். நான் வேலையை விட்டேன். குளிப்பாட்டினேன், சவரம் செய்தேன், ஊட்டினேன். முகப்பேரிலிருந்து அக்கா கார்த்திகா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அழுதுவிட்டுப் போவாள்.

மாசியில் பூந்தமல்லி நர்சரிக்குப் போனேன். அங்கே தேவா அண்ணன்தான் சொன்னார். "டெய்லி தண்ணி ஊத்தினா அது ஏன்ப்பா பூக்கும்? சொகமா கீது. தண்ணிய நிறுத்து. இலை சுருளட்டும். சாவப்போறோம்னு பயம் வந்தாத்தான் பூ வுடும். ஒத்த மொட்டப் பாத்து மனசு எளகி ஊத்திடாத. மரம் முழுக்க மொட்டு கட்டட்டும்."

வாட்டம் கொடுப்பது என்று அதற்குப் பெயர். கொடுத்தேன். பங்குனியில் மரம் முழுக்கப் பூத்தது. ஒரு பூவைப் பறித்துக்கொண்டுபோய் அப்பாவின் மூக்கருகே காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் தோன்றியது. நான் அவருக்கு எல்லாவற்றையும் கேட்காமலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் ஏன் பேசப்போகிறார்?

திங்கட்கிழமை காலை தண்ணீரை நிறுத்தினேன். கஞ்சியும் தண்ணீர்தான் என்பதால் அதையும். ஒரு தம்ளர் நிறைய ஊற்றி, அவர் கண்ணில் படும்படி, கைக்கு எட்டாத தூரத்தில் ஸ்டூல்மேல் வைத்தேன். "கேளுப்பா, தரேன்" என்று சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன். வெயில் காலம் என்பதால் தம்ளரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. நான் மறுபடி நிரப்பிவைத்தேன்.

புதன்கிழமை உதடு வெடித்தது. இலை சுருள்வதும் மூன்றாம் நாள்தான்.

வியாழன் காலை அவர் பேசினார். "தண்ணி."

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. செல்போனில் பதிவுசெய்து அக்காவுக்கு அனுப்பினேன். "அப்பா பேசிட்டாருக்கா." உடனே பதில் வந்தது. "தண்ணி குடுத்தியா?" நான் போனைக் கவிழ்த்துவைத்தேன். செடி வளர்க்காதவர்களுக்கு இதெல்லாம் புரியாது. அது ஒற்றை மொட்டு.

போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு மறுபடி பேசினார். "நைனா." கொஞ்ச நேரம் கழித்து, "நைனா, தண்ணி." இரண்டு வார்த்தைகள் சேர்ந்து வந்துவிட்டன. அந்தக் குரலில் பழைய சத்தம் இல்லை. அவ்வளவு மரியாதையாக அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா ஆட்டோவில் வந்து கதவைத் தட்டியபோது மணி பன்னிரண்டு. அதற்குச் சற்று முன்பே அவர் பேச்சையும் மூச்சையும் நிறுத்திவிட்டிருந்தார். தம்ளர் நிறைந்துதான் இருந்தது. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு உதவி, ஐயா. நீங்கள் என்னை அழைத்துவந்து இன்றோடு இரண்டு நாள். மாடிக்கு யாரையாவது அனுப்பி அந்த டிரம்மில் ஒரு குடம் ஊற்றச் சொல்லுங்கள். இந்த வெயிலில் இரண்டு நாளுக்கு மேல் அது தாங்காது, பாவம்.