இரண்டு பக்கமும் தொண்ணூறு பிக்ஸல்

புரொஃபைல் போட்டோவைச் சதுரமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் ஊருக்குத் தெரிவது வட்டம். இந்த ஒரு விஷயத்தை கொச்சி மட்டாஞ்சேரி வியாபாரிகளுக்குப் புரியவைக்க எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று, இன்னும் பாதிப் பேருக்குப் புரியவில்லை. மூலையில் கடை பெயரைப் போடு என்பார்கள். போட்டால் வட்டம் மூலையைத் தின்றுவிடும். மறுநாள் படியேறி வந்து, "பிச்சுமணி, பேரு எவிடெ?" என்று கேட்பார்கள்.

இன்ஸ்பெக்டர் சார், என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றதற்குச் சம்மதித்தது பெரிய உபகாரம். நான் படித்தது மலையாளம். தமிழ் வீட்டில் பேசி வந்தது. ஆனால் இந்த விஷயம் எனக்குத் தமிழில்தான் வருகிறது, ஆகையால் பிழை இருக்கும். மொழிபெயர்க்க ஒரு ஆளை வைப்பதாகச் சொன்னீர்கள். அவருக்கு என் அனுதாபங்கள்.

என் கடை பஜார் ரோட்டில், இஞ்சி மண்டியின் மாடியில் இருக்கிறது. வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. என் ஜாதகம் ஒன்பது இடங்களுக்குப் போய், ஒன்பது இடங்களிலிருந்தும் பத்திரமாகத் திரும்பி வந்தது. தொழில், சோஷியல் மீடியாவுக்குப் படம் அளவெடுப்பது. தையல்காரன் மனுஷனுக்கு அளவெடுக்கிறான், நான் அவன் போட்டோவுக்கு எடுக்கிறேன். தையல்காரனுக்கு மரியாதை உண்டு.

ஃபேஸ்புக்கில் மேலே நீளமாக ஒரு பேனர் வருமே, அதை எண்ணூற்று இருபதுக்கு முந்நூற்று அறுபது என்ற கணக்கில் செய்வேன். கம்ப்யூட்டரில் பார்த்தால் மேலும் கீழும் கொஞ்சம் போகும். போனில் பார்த்தால் இடமும் வலமும் தொண்ணூறு தொண்ணூறு பிக்ஸல் போகும். நடுவில் இருப்பது மட்டும்தான் எங்கேயும் பிழைக்கும். முக்கியமானதை நடுவில் வை, ஓரத்தில் தென்னை மரத்தை வை. என் வித்தை மொத்தமும் இவ்வளவுதான். கற்றுக்கொள்ளப் பத்து நிமிஷம் போதும். நான் அதைப் பரம ரகசியமாகக் காத்து ஒரு ஆயுசை ஓட்டிவிட்டேன்.

பிப்ரவரி ஏழாம் தேதி மத்தியானம் சுபாஷிணி என் படியேறி வந்தாள். இங்கே இருக்கும் எங்கள் தமிழ் ஆட்களில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவோடு இருந்துவிட்ட ஒரே பெண். அப்பா சிவராமகிருஷ்ணன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், வயது எழுபத்தாறு. இரண்டு வருஷமாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. நாலாம் தேதி காலையில் படகு ஜெட்டிப் பக்கம் போனவர் திரும்பவில்லை. உங்களிடம் புகார் கொடுத்துவிட்டு, காணவில்லை என்று ஒரு பேஜ் ஆரம்பிக்க என்னிடம் வந்திருந்தாள்.

கையில் ஒரே ஒரு நல்ல போட்டோ. மனுஷர் இடது கையில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது. எப்போதோ கிரேன் சங்கிலியில் போனவை.

"முகத்தைப் பாத்து யாருக்கும் தெரியாதுண்ணா," என்றாள். "பத்து நாள் ஷேவ் பண்ணலேன்னா எல்லா வயசானவாளும் ஒண்ணுபோலத்தான் இருப்பா. கை தெரியணும். கை தெரிஞ்சாப் போறும், அப்பா கிடைச்சுடுவார்."

அண்ணா என்றுதான் என்னைக் கூப்பிட்டாள். அது தற்காலிகமாகப் போட்ட எழுத்து, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். தொழில்புத்தி.

முதலில் நான் யோக்கியனாகத்தான் இருந்தேன். கையை நட்டநடுவில் வைத்தேன். அவள் இரண்டு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாயா வரவழைத்தேன், குடித்தாள். அப்பாவைப் பற்றிச் சொல்லி அழுதாள். என் கடையில் யாரும் அழுததில்லை. என் வேலையைப் பார்த்து அழுதவர்கள் உண்டு, அது வேறு. முடிந்தது என்று நான் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் உறைத்தது: வேலை முடிந்தால் இவள் போய்விடுவாள். பிறகு வரமாட்டாள்.

"சித்தே இரு," என்று சொல்லிவிட்டு, படத்தைப் பிடித்து வலப் பக்கம் நகர்த்தினேன். முகம் நடுவுக்கு வந்தது, கை வலது ஓரத்துக்குப் போனது. 'இடது கையில் இரண்டு விரல் இல்லை' என்ற வரியையும் இடது ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தினேன். என் பெரிய திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அவள் திருப்தியோடு போனாள். நான் எதையும் அழிக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கை அந்தப் படத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாள் வந்தாள். "அண்ணா, போன்லே கை காணலியே. எழுத்தும் காணலை."

ஏற்றிய படம் செட்டாக இருபத்துநாலு மணி நேரம் பிடிக்கும் என்றேன். கம்ப்யூட்டர்காரன் வாயிலிருந்து வரும் எந்தப் பொய்யும் வேதவாக்கு. நம்பினாள். இன்ஸ்டாகிராமுக்கு வேறு அளவு என்றேன், அதற்கு ஒரு நாள். வாட்ஸ்அப் டிபி ஒரு நாள். அந்த வட்டத்தில் முகம் மட்டும் அழகாக அடங்கியது. யூடியூபுக்கு இரண்டு நாள். அந்த பேனர் இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபதுக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது, ஆனால் போனில் தெரிவது நடுவில் ஒரு கீற்று. மீதியில் ஒரு யானையையே ஒளித்துவைக்கலாம், ஒரு கை எம்மாத்திரம். எல்லாம் முடிந்ததும், அளவை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி ஃபேஸ்புக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

ஆபீசில் போன் எடுக்க விடமாட்டார்கள் என்பதால், தொடர்புக்கு என் கடை நம்பரைப் போடச் சொன்னதும் அவள்தான். நான் கேட்கவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி.

பேஜை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். காசர்கோட்டிலிருந்து பாறசாலை வரை தாடி வைத்த கிழவர்கள் எல்லாம் சிவராமகிருஷ்ணன் ஆனார்கள். ஒருவரைப் பார்க்க நானும் அவளும் திருச்சூருக்கு பஸ்ஸில் போனோம். அந்த மனுஷருக்குப் பத்து விரலும் இருந்தன. திரும்பும் வழியில் அவள் களைத்துப்போய் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அங்கமாலியிலிருந்து எர்ணாகுளம் வரை நான் அசையவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது, சார். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது.

என் தப்பு ஒன்றே ஒன்றுதான், அது தொழில் தப்பு. இந்தக் காலத்தில் எல்லாரும் போனில்தான் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆலுவாவுக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லத்தின் ஆபீஸ் அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்திருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பொன்மணி, தென்காசிப் பக்கத்துப் பெண், அதில் எங்கள் பேஜைத் திறந்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் ஓரம் வெட்டுப்படாதே. பத்தொன்பதாம் தேதி எனக்கு போன் வந்தது.

"சார், ஒங்க பேஜ்ல இருக்கவரு எங்ககிட்டதான் இருக்காருன்னு நெனைக்கேன். எடது கையில ரெண்டு வெரலு இல்ல. தமிழ்லதான் பேசுதாரு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மகன்," என்றேன்.

யோசிக்காமல் வந்த வார்த்தை. பிறகு யோசித்துத்தான் மீதியைச் சொன்னேன். தங்கச்சி வெளிநாட்டில் இருக்கிறாள், அவள் வந்ததும் இருவருமாக வந்து அழைத்துப்போகிறோம், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள், போலீசுக்கு நானே தகவல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் பாவம், "அப்பா கெடைச்சிட்டாருல்லா, இனி நிம்மதியா தூங்குங்க" என்றாள்.

அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். அதையும் நினைத்துப் பார்த்தேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். அண்ணா என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருப்பாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அப்புறம் எனக்கு விஷுவுக்கு விஷு வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்து வந்திருக்கும், அதுவும் பத்துப் பேருக்கு அனுப்பியது.

நான் அவரைக் கைவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. ஞாயிறுதோறும் போன் செய்து விசாரித்தேன். பொன்மணி அவர் காதில் போனை வைப்பாள். அப்பா என்று கூப்பிட முதல் வாரம் நாக்கு கூசியது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மாமனாரை அப்பா என்று அழைப்பதும் உலகத்தில் உண்டுதானே. அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "சுபா வந்தாச்சா?" வந்துகொண்டே இருக்கிறாள் என்பேன். அந்த நேரத்தில் அவள் உண்மையில் என் கடைப் படியேறி வந்துகொண்டுதான் இருப்பாள்; நாங்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தோம்.

மார்ச் இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் பொன்மணி நாலு தடவை அழைத்தாள். சளி முற்றிவிட்டது, மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், உடனே வாருங்கள் என்று குரல் செய்தியும் வந்தது. அதைப் பிறகுதான் கேட்டேன். அப்போது சுபாஷிணி எதிரே உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள். அப்பா காணாமல்போன நாற்பத்தெட்டு நாளில் அன்றைக்குத்தான் அவளாகக் கேட்டு ஒன்றைச் சாப்பிடுகிறாள். நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மட்டாஞ்சேரியிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனால் ஒன்றரை மணி நேரம். அவர் மூன்று மணி நேரம் உயிரோடு இருந்தாராம்.

மறுநாள் நான் போனை எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் பொன்மணி பேஜுக்குக் கீழே எழுதினாள். 'அப்பா காலமாயிட்டாங்க. மகன் போன் எடுக்க மாட்டேங்காரு. வேற சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா வாங்க.' கமெண்டுக்கு ஓரமும் கிடையாது, வெட்டும் கிடையாது. எந்தப் போனிலும் முழுசாகத் தெரியும்.

சுபாஷிணி அதை எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"அப்பாவுக்கு ஏதுண்ணா மகன்? நான் ஒருத்திதானே."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே எழுதியிருக்கிற இதே வரிசையில், தொண்ணூறு பிக்ஸலிலிருந்து பழம்பொரி வரைக்கும். அவரைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் கையெழுத்துப் போடுகிறேன். நாங்கள் உடனே போயிருந்தால்கூடப் பிழைத்திருப்பாரா என்று தெரியாது, ஆனால் பெண்ணைப் பார்க்காமல் செத்தது என்னால்தான். கீழே மண்டியில் இஞ்சி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் லேசாக இருந்திருக்கும், எனக்கும் ஒன்றும் குறைந்திருக்காது. தினமும் கேட்டார், வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம் என்று உள்ளதைச் சொன்னேன். சுபாஷிணியிடம் பொய் சொல்ல மட்டும் எனக்கு என்றைக்குமே மனசு வந்ததில்லை, சார்.