சித்தேரியில் நட்ட கம்பு

மூங்கிலைவிடச் சவுக்குதான் நல்லது, ஐயா. மூங்கில் தண்ணீரில் ஆடிக்கொண்டே இருக்கும், பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். சவுக்குக் கம்பை முனை சீவி, உடம்பு பாரத்தைப் போட்டுச் சேற்றில் இறக்கிவிட்டால் தை பிறக்கும் வரைக்கும் அசையாது. நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். அங்கேதான் வருகிறேன்.

ஐப்பசி மழையில் எங்கள் சித்தேரி நிரம்பினால் ஊருக்கு வருகிற மண்பாதை முழுகிவிடும். வல்லத்துப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஏரிக்கரை ஏறி இறங்கி, தண்ணீருக்குள் நடந்துதான் வர வேண்டும். அதற்காகப் பாதையின் ஓரத்தில் கம்பு நடுவோம். வரும்போது இடது கையால் ஒவ்வொரு கம்பாகத் தொட்டுக்கொண்டே வந்தால் முழங்காலளவு தண்ணீர்தான். கம்பை விட்டு வலது பக்கம் நகர்ந்தால் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். அதில் யானை நின்றாலும் தெரியாது. கம்பு நடுகிற வீட்டுக்கு ஏரியில் முதல் மடை. அவர்கள் நிலம் நனைந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தண்ணீர். என் மாமியாருக்குப் பிறகு அது என் வேலை. புருஷன் போன பிறகும் ஊர் என்னைச் 'சந்திரம்மா' என்று மரியாதையாகக் கூப்பிட்டதற்கு அது ஒன்றுதான் காரணம்.

நரசிம்மன் என் கொழுந்தன். என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். தொழிற்சாலைக்கு நிலம் அளக்க வந்த கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தான். அவர்கள் எங்கிருந்தோ ஒரு நாலு சக்கர மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்திருந்தார்கள். டயர் ஒவ்வொன்றும் பூசணிக்காய் மாதிரி. இவன் அதில் ஏரிக்கரையின் செங்குத்தில் நேராக ஏறுவான், மறுபக்கம் தண்ணீருக்குள் இறங்குவான். தண்ணீருக்குள் ஆக்சிலேட்டரை விடவே கூடாதாம், விட்டால் புகைக்குழாயில் தண்ணீர் ஏறிவிடுமாம். நனையாமல் ஊருக்குள் வந்து இறங்க எல்லோருக்கும் ஆசை. மெர்சி டீச்சர்கூடப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருவாள்.

ஒரு நாள் வல்லத்துப் பக்கம் கரையடியில் இருக்கிற பாண்டுரங்கன் டீக்கடை எதிரில் என்னையும் ஏறச் சொன்னான். கரை ஏறும்போது நான் பின்பக்கமாகச் சரிந்து சேற்றில் விழுந்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"ஏறுறப்போ முன்னால சாயணும் அண்ணி. எறங்குறப்போ பின்னால. இதுகூடத் தெரியாம இன்னா நீ ஏரியக் காவல் காக்குற?"

அதோடு விட்டிருக்கலாம். அன்றைக்கே எல்லோர் காதிலும் விழும்படி இன்னொன்றும் சொன்னான்.

"இனிமே கம்பு எதுக்கு? நம்ப வண்டி கீது. கண்ண மூடிகினு ஓட்டுவேன். முதல் மடைய முறை வச்சிப் பிரிச்சிக்கலாம்."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அப்படியே செய்வதாகப் பேச்சு முடிந்தது. நான் எழுந்து வந்து புடவையை அலசிப் போட்டேன். இரவு அவனுக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே வண்டியின் பெருமையைச் சொன்னான். ஒரே ஒரு குறைதானாம். தண்ணீர் சீட்டைத் தொட்டால் அந்தப் பெரிய டயர்கள் மிதக்க ஆரம்பிக்கும், பிடிமானம் போய் வண்டி ஆள்மேலேயே கவிழும் என்றான். நான் ரசம் ஊற்றினேன்.

பிறகு சில நாள் கரையில் நின்று அவனைக் கவனித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்றவன் தண்ணீருக்குள் இறங்கியதும் என்ன செய்தான் தெரியுமா, ஐயா? வலது கையை ஆக்சிலேட்டரில் வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி ஒவ்வொரு கம்பாகத் தொட்டுக்கொண்டு போனான். அவன் அண்ணன் சொல்லிக்கொடுத்த பழக்கம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு தெளிந்தது.

அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் நான் நடுவில் இருந்த கம்புகளைப் பிடுங்கி, பாதையின் மறு ஓரத்தில், பள்ளத்தை ஒட்டி நட்டேன். மெர்சி டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். மழை விடட்டும், அடுத்த நடையில் வாருங்கள் என்று டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. நான் அதையெல்லாம் யோசிக்காதவள் இல்லை.

வண்டி உறுமிக்கொண்டு கரைமேல் ஏறி என் பக்கத்தில் நின்றது. கம்பெனி கொடுத்த முழங்கால் பூட்ஸ் போட்டிருந்தான். தண்ணீரைப் பார்த்தான்.

"கம்பு கொஞ்சம் தள்ளி கீற மாதிரி தெரியுதே அண்ணி."

"தண்ணி ஏறிகினு கீது, அதான் அப்படித் தெரியுது. நான் நட்டது. போ."

போனான். நான் சொன்னால் கேட்பான். பின்னால் சாய்ந்து அழகாக இறங்கினான். கையை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டான். நடுவில் வண்டி மிதந்தது. அவன் சொன்ன மாதிரியே கவிழ்ந்தது. நீச்சல் தெரிந்தவன்தான், பூட்ஸில் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஒரு தடவை மேலே வந்து என்னைப் பார்த்தான். அண்ணி என்றான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவன் அடங்கிய பிறகு இறங்கினேன். முதலில் கம்புகளைப் பிடுங்கிப் பழைய இடத்தில் ஆழமாக நட்டேன். வேறு யாராவது வந்து விழுந்துவிட்டால் பாவம் இல்லையா? அதற்குப் பிறகுதான் கரையேறிக் குரல் கொடுத்தேன். அதனால் உதவி வரத் தாமதம் ஆனது என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் வேலையை முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கத்தில் போலீஸ் ஜீப் புதிது இல்லை. நீங்கள் வந்ததும் பயப்படவில்லை. நீங்கள் வரிசையைப் பார்த்து, நடுவில் ஒரு கம்பு குறைகிறதே என்று கேட்டபோதுதான் எனக்கும் நினைவு வந்தது. அன்றைக்குப் பள்ளத்தோரம் நட்டதை நான் அழுத்தி இறக்கவில்லை. மெதுவாக நிறுத்தி வைத்தேன், அவ்வளவுதான். பிடித்தால் கையோடு வந்துவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று அவன் சொன்னது நிஜமாக இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பான், ஐயா. உலையை இறக்கி வைத்துவிட்டுத்தான் கரைக்குப் போயிருந்தேன். அவன் விரல்களைப் பிரிக்க உங்கள் ஆட்கள் பட்ட பாட்டை நானும் பார்த்தேன். ஊரே பார்த்தது. கம்பு வேண்டாம் என்றவன், செத்த பிறகும் அதை விடவில்லை.