இடது பக்கம் பழகின கை

...சரி, புத்திமதி போதும். உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. இந்த மையத்துல குடியை விட்டுட்டு இன்னைக்கு வீட்டுக்குக் கிளம்புறவங்க எல்லாம் இந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க. கூட்டிட்டுப் போக வந்த குடும்பம் எல்லாம் அந்தப் பக்கம். நடுவுல ஒரு லாரி போற அளவுக்கு இடம் விட்டிருக்கீங்க... நான் ஒண்ணும் சொல்லல. ஒரு குட்டிக் கதை இருக்கு. அதைக் கேட்டுட்டுக் கிளம்புங்க.

ஏற்காட்டுல ஏகாம்பரம்னு ஒருத்தர். மலைக்கு டூர் போனவங்க பாத்திருப்பீங்க... நாலு குண்டு டயரு, பைக் மாதிரி ஹேண்டில்பாரு, ஏ.டி.வி.ன்னு ஒரு வண்டி. அதுல ரேஸ் ஓட்டுற ரகம் ஒண்ணு வெச்சிருந்தாரு. வர்றவங்களைப் பின்னால உக்கார வெச்சு, மேடு பள்ளத்துல ஒரு சுத்து சுத்திக் காட்டுவாரு. டிக்கெட் கிழிக்கிறது அவர் சம்சாரம் விமலா. அந்தம்மா ஊருக்குள்ள மோட்டார் பைக்கே ஓட்டுவாங்க. ஆனா இந்த வண்டியை மட்டும் இவர் தொட விட்டதில்ல.

ஒரு நாள் போன வேகத்துல மரக்கட்டை மேல ஏத்திட்டாரு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ஹேண்டில்பாருல இருந்து முன் சக்கரத்துக்கு இறங்குற இரும்புத் தண்டு இருக்கு பாருங்க, ஸ்டீயரிங் ஸ்டெம்னு சொல்வாங்க, அது முறுக்கிக்கிச்சு. வண்டி ஓடுது. ஆனா ஹேண்டிலை நேராப் பிடிச்சா வண்டி வலது பக்கம் போகுது. இடது பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடிச்சாத்தான் நேராப் போகுது.

மனுஷன் என்ன பண்ணணும்? மாத்தணும். மாத்துனாரா? வெல்டிங் கடையில காய்ச்சி, தட்டி, நேராக்கி மாட்டினாரு. ஒரே மாசம்... அதே இடத்துல மறுபடி வளைஞ்சுது. "போவுது போ, இடது பக்கம் பிடிச்சா நேராத்தானே போகுது"ன்னு விட்டுட்டாரு. ரெண்டு வருஷம் அப்படியே ஓட்டினாரு. ஓட்டி ஓட்டி, அது கோணல்ங்கறதே மறந்து போச்சு.

அப்புறம் சேலத்துல இருந்து யூசுப் பாய்னு ஒரு மெக்கானிக், வேற வேலையா வந்தவர், குனிஞ்சு பாத்துட்டு சத்தம் போட்டாரு. "அண்ணே! இதுல விரிசல் விட்டிருக்கு. ஓடும்போது முறிஞ்சா ஹேண்டில் தனியா உங்க கையில இருக்கும். வண்டி அது பாட்டுக்குப் போகும். பின்னால உக்காந்திருக்கவங்க புள்ளகுட்டிக்காரங்கண்ணே..."

பயந்துட்டாரு. புது ஸ்டெம் வாங்கி மாட்டியாச்சு. ஏகாம்பரம் ஏறி உக்காந்தாரு. கிளப்பினாரு. என்ன ஆச்சு?

நேரா... இடது பக்கப் பள்ளத்துக்குப் போனாரு! ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்குது. பிரேக் பிடிச்சுத் தப்பிச்சாரு. இறங்கி வந்து கத்துறாரு:

"என்ன பாய் மாட்டியிருக்கீங்க? டூப்ளிகேட்டா? ஆளைக் கொன்னுருப்பீங்களே! கழட்டுங்க! பழசையே மாட்டுங்க!"

"அண்ணே, பழசுல விரிசல்..."

"இருந்துட்டுப் போகட்டும்! அது எனக்குப் பழகினது!"

கேட்டீங்களா? விரிசல் விட்டது பழகினது. நேரா இருக்கறது டூப்ளிகேட்.

அப்பத்தான் விமலா டிக்கெட் கட்டை ஸ்டூல் மேல வெச்சுட்டு எந்திரிச்சு வந்தாங்க. "நகருங்க"ன்னாங்க. ஏறி உக்காந்தாங்க. கிளப்பினாங்க. எதிர் வேலி வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரி போயிட்டு, திரும்பி வந்து நிறுத்தினாங்க.

"வண்டி நேராத்தாங்க இருக்கு. உங்க கைதான் இன்னும் இடது பக்கம் போகுது."

விமலா இறங்கல. கொஞ்சம் பின்னால தள்ளி உக்காந்தாங்க. "ஏறுங்க. கை அந்தப் பக்கம் போறப்ப தோள்ல தட்டுறேன். மெதுவா ஓட்டுங்க"ன்னாங்க. அன்னைக்கு முழுக்க ஒரு டிக்கெட் கூடக் கிழிக்கல. தோள்லதான் தட்டிட்டு இருந்தாங்க.

கதை அவ்வளவுதான். இப்ப என்னைப் பாருங்க... குடும்பத்துக்காரங்களே. இத்தனை வருஷமா ஒரு கோணலோட குடும்பம் நடத்தியிருக்கீங்க. சம்பளத்தை அரிசி டப்பாவுல ஒளிச்சீங்க. கதவு தட்டுற சத்தத்தை வெச்சே எவ்வளவு குடிச்சிருக்காருன்னு சொல்லுவீங்க. இனி அவர் குடிக்காம சும்மா வந்து உக்காருவாரு. உங்களுக்கு அதுதான் பயமா இருக்கும். போன தடவை ஒரு அம்மா எங்கிட்டயே சொன்னாங்க: "சார், குடிச்சப்பவாவது நாலு வார்த்தை சிரிச்சுப் பேசுவாரு." அம்மா... பழைய ஸ்டெம்மை மட்டும் கேட்டுடாதீங்கம்மா. அதுல விரிசல் இருக்கு.

இப்ப இந்தப் பக்கம், குடியை விட்ட நீங்க. என்ன, கொஞ்சம் நிம்மதியா சாஞ்சு உக்காந்துட்டீங்க? பேச்சு அவங்களுக்குன்னு நினைச்சீங்களா?

நாளைக்கு மளிகைக் கடைக்குப் போயிட்டு வருவீங்க. பத்து நிமிஷம் லேட்டாகும். வாசல்லயே உங்க சம்சாரம் பக்கத்துல வந்து வாயை மோந்து பாப்பாங்க. உங்களுக்குச் சுருக்குன்னு கோவம் வரும். "இன்னும் என் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு கத்தத் தோணும். தோணுமா, தோணாதா?

கத்தாதீங்க. ஏகாம்பரத்தோட கையைப் பழக்கினது ஒரு இரும்புத் தண்டு. உங்க வீட்டம்மா கையைப் பழக்கினது யாரு? ...தலையைக் குனியாதீங்க, நான் திட்டல. வழிதான் சொல்றேன். அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க நின்னு, வாயைத் திறந்து, ஊதிக் காட்டுங்க. நாளைக்கும் ஊதுங்க. அடுத்த வருஷமும் ஊதுங்க. ஒரு நாள் அந்தம்மா, "அட, தள்ளுங்க, அடுப்புல குழம்பு இருக்கு"ன்னு சொல்லிட்டு உள்ள போவாங்க.

அன்னைக்குத்தான் உங்களுக்குக் குணமாச்சுன்னு அர்த்தம்.