பூத்தட்டுக்குச் சுறா எண்ணெய்

"இனி அந்தப் பூக்கடைக்கு ஒரு கேடும் வராது மக்கா" என்று வள்ளக்காரர் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. குளச்சலில் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். அவர் காலடியில் இருந்த தகர டின்னிலிருந்து சுறா எண்ணெய் நாறியது.

"எந்தப் பூக்கடைலே?" என்றார் கூட நின்ற நண்பர்.

"தோவாளையில நம்ம தங்கச்சி மாப்பிள்ளைக்க கடையாக்கும். பூவுக்குத் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு, பூ குவிக்கிற மரத்தட்டே அழுவிப் போச்சு. இப்போ புதுப் பலகை அடிச்சிருக்காரு. இந்த எண்ணெயத் தேச்சு விட்டா ஈரம் உள்ள இறங்காது. இதத் தேச்சுக் கடல்லயே கிடக்குற நம்ம வள்ளம் அழுவிச்சா?"

"பிச்சிப்பூ வாங்க வாறவ மூக்கப் பொத்த மாட்டாளா?"

"பூ நாளைக்கு வாடிப் போறதுதானே. பலகை அப்படியா?"

"மாப்பிள்ளை சம்மதிச்சாரா?"

"அவரு திருவனந்தபுரத்துக்குப் பூ கொண்டு போயிருக்காரு. திரும்பி வரும்போ வேலை முடிஞ்சிருக்கும். பாத்து அசந்து போயி வாசல்லயே நிப்பாரு, பாரு."

"நிக்கத்தான் செய்வாரு" என்றார் நண்பர். "உள்ள போக முடியாதுல்லா."